நான்கு மூலையிலும் மஞ்சள்

ஓசூர்,
12.2.2006

அன்புள்ள தம்பி முனிராஜுக்கு,

அண்ணி பொற்கொடி எழுதுவது. இங்கே நானும் அண்ணனும் தர்ஷினியும் நலம். அங்கே நீயும் மாதேஸ்வரியும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன். மற்றதை உன் அம்மா நேரில் சொல்வார்.

இந்தக் கடிதத்தை அம்மா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். மருமகள் பிரசவத்துக்குக் கிளம்புகிறவர் ஒரு மூட்டை ராகி மாவையும் கட்டி வைத்திருக்கிறார். விமானத்தில் விடுவார்களா என்று கேட்டால், "நாம துன்றத நாம எடுத்துனு போறோம், அவனுக்கு இன்னாவாம்" என்கிறார். அந்த மாவுக்கும் புடவைகளுக்கும் நடுவில் நீ கேட்ட இரண்டு காமிக்ஸ் புத்தகங்கள் இருக்கின்றன. மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டைப்பெட்டியை வெட்டி வைத்துக் கட்டியிருக்கிறேன். பத்திரமாகப் பிரி.

நீ போனில் சொன்னது எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று பார்த்துக்கொள். அங்கே அமெரிக்காவில் ஒரு கம்பெனி இருக்கிறது. பழைய காமிக்ஸை அனுப்பினால் அட்டை, முதுகு, மூலை, தாள் எல்லாவற்றையும் பார்த்துப் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுவார்கள். பிறகு யாரும் கைவைக்க முடியாதபடி கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி, மேலே ஒரு சீட்டு ஒட்டித் தருவார்கள். அந்தச் சீட்டில் புத்தகத்தின் பெயரும் வரைந்தவர் பெயரும் அச்சில் வரும். கையெழுத்து இருந்தால் அது இன்னாருடையது என்பதும் வரும். நீயும் இதுவரை எதையும் அனுப்பியதில்லை, இதுதான் முதல் தடவை என்றாய். எனக்கு அந்தச் சீட்டு வேண்டும் தம்பி. மார்க் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

சிவகாசியில் இருந்தபோது அந்தச் சின்ன அச்சகத்துக்கு அண்ணன் எத்தனையோ அட்டை வரைந்தார். எதிலும் அவர் பெயரைப் போடவில்லை. அவரும் கேட்கத் தெரியாத மனுஷன். அச்சகத்தை மூடிய பிறகு இங்கே வந்து தகடு அடிக்கிற கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். ஒரு ஆயுத பூஜைக்குத் தூரிகைகளோடு இந்தப் புத்தகங்களையும் எடுத்துச் சாமி முன்னால் வைத்திருந்தோம். பக்கத்து வீட்டிலிருந்து பொரி வாங்க வந்த நீதான், வரைந்தவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆயிற்று என்று பிடிவாதம் பிடித்தாய். அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. ஆனாலும் குதிரை வீரனின் தலைக்கு மேலே கருப்பசாமி என்று அழகாகப் போட்டார். உனக்கும் ஞாபகம் இருக்கும்.

போன ஆடியில் அவர் கை பவர் பிரஸ்ஸில் மாட்டியதை அம்மா சொல்லியிருப்பார். அதன் பிறகு வரைந்ததைப் பற்றிப் பேச்சே இல்லை. இடது கையால் பழகுங்கள், படம் வரைவீர்களாமே என்று டாக்டர் கேட்டதற்கு, "நானா? நான் எங்க சார் வரைஞ்சேன்" என்றார். தர்ஷினி புத்தகத்தை எடுத்துப் போய்க் காட்டினால், "எவனோ போட்டதும்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். நாள் முழுவதும் அந்தச் சுவரைத்தான் பார்க்கிறார். அச்சில் தன் பெயரைக் கண்டால் இல்லையென்று சொல்ல முடியாது அல்லவா? பெண்டாட்டி சொன்னால் ஏறாதது அமெரிக்காக்காரன் சொன்னால் ஏறும். அவரை எழுப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கல்யாணப் பத்திரிகைக்குச் செய்வதுபோல இரண்டு புத்தகத்துக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்து எடுத்துத்தான் அனுப்புகிறேன். நல்ல காரியமாகப் போகிறது, வெறுமனே அனுப்ப மனசு வரவில்லை.

மாதேஸ்வரியைப் பாரம் தூக்க விடாதே. அம்மாவைக் குளிரில் வெளியே அனுப்பாதே, சொன்னால் கேட்க மாட்டார், கதவைப் பூட்டி வை.

உன் அண்ணி,
பொற்கொடி


ஓசூர்,
20.6.2006

அன்புள்ள தம்பி முனிராஜுக்கு,

உன் கடிதமும் பிள்ளையின் போட்டோவும் வந்தன. அஸ்வின் என்ற பெயர் நன்றாக இருக்கிறது. மூக்கு அப்படியே உன் அம்மாவுடையது. உன் அம்மாவின் பிடிவாதமும் வந்துவிட்டால் மாதேஸ்வரி பாடு திண்டாட்டம்தான். போட்டோவைத் தர்ஷினி பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தாள்.

நீ போனில் கூப்பிட்ட அன்று நான் சரி, சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எங்கள் லைன் வீடு உனக்குத் தெரியும், ஒரே அறை. அவர் கட்டிலில் இருந்தார். எது பேசினாலும் அவர் காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ எழுதியதை இரண்டு மூன்று தடவை படித்தேன். இரண்டுக்கும் பத்துக்கு மூன்று. வரைந்தவர் பெயர் சீட்டில் வரவில்லை. புத்தகத்துக்குள் எங்கேயும் அச்சாகாத பெயரை அவர்கள் போட மாட்டார்களாம். கையெழுத்தைப் போடும்போது அவர்களுடைய ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டுமாம். அப்படிப் பார்க்காத கையெழுத்து, யாரோ அட்டையில் பேனாவால் எழுதியது என்றுதான் கணக்காம். அது ஒரு குறை, அதற்கு மார்க் போயிற்று. நான் என் கண்ணால் பார்த்தேன் என்று நீ எழுதிக் கொடுத்தும், அனுப்புகிறவர் சொல்வதை எடுத்துக்கொள்ள முடியாது என்றுவிட்டார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் கறை என்று அதற்கும் கழித்திருக்கிறார்கள். அது என் கை வேலை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்கள் ஊரில் மஞ்சள் தடவுகிற வழக்கம் ஏது.

படித்து முடித்ததும் அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. எழுந்து போய் அரிசி களைந்து உலையில் போட்டேன். அண்ணனுக்கு இல்லாத விரல்கள் அரிக்குமாம், மிச்சமிருக்கிற கை மரத்துக் கிடக்குமாம். எனக்கும் இப்போது கொஞ்ச நாளாக அப்படித்தான் இருக்கிறது. சமைக்கிறேன், தர்ஷினிக்குத் தலை பின்னுகிறேன், நர்சரியில் ரோஜாவுக்குப் பேப்பர் சுற்றிவிட்டு வருகிறேன். முள் குத்தியது வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் தெரிகிறது.

கை ஆறியதும் அந்தக் கம்பெனி ஆள் முன்னால் அண்ணனை மறுபடி கையெழுத்துப் போட வைக்கலாம், பெங்களூருக்கு யாராவது வந்தால் ஏற்பாடு செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் மனசு கஷ்டப்படும் என்று அம்மா முழுவதையும் சொல்லவில்லை போலிருக்கிறது. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருக்கின்றன தம்பி. நடுவில் மூன்றும் இல்லை. புண் எப்போதோ ஆறிவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். போன மாதம் நஷ்டஈட்டுப் பேப்பரில் கையெழுத்துக்காக அண்ணன் வேலை பார்த்த கம்பெனிக்குக் கூப்பிட்டார்கள். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கி ரோட்டில் நின்றதால் பஸ் தாமதம், எல்லோரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அதிகாரி பேனாவை நீட்டினார். இடது கையால் ஒரு கோடு இழுத்திருந்தாலும் போதும். இவர் இடது கட்டைவிரலை நீட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதா என்று அவர் கேட்டார். "தெரியாதுங்க சார்" என்றார் உன் அண்ணன். உடனே மைப்பெட்டி வந்தது. கைநாட்டு என்றால் சாட்சி வேண்டும் என்று, அவரோடு ஒரே லைனில் வேலை பார்த்த திம்மப்பனையும் இன்னொருவரையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். டூல் ரூம் சுவரில் அண்ணன் சாக்பீஸால் புலி வரைந்தபோது கூட நின்று பார்த்தவர் திம்மப்பன். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எழுதத் தெரியாதவர் என்பதற்கு இரண்டு சாட்சி ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டார்கள். வரைந்தவர் என்பதற்கு நீயும் நானும் பார்த்தது போதவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் விரலில் இருந்த மையை என் முந்தானையால் துடைத்துவிட்டேன். முழுவதும் போகவில்லை.

ஆகவே ஒன்று கேட்கிறேன். அந்தப் பெட்டிகளை இங்கே அனுப்பாதே. அங்கேயே உன் அலமாரியில் இருக்கட்டும். பத்துக்கு மூன்று என்று அவர் கண்ணில் பட்டால் என்ன ஆவாரோ, எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அவருக்காக அலைந்ததை நான் மறக்க மாட்டேன்.

பிள்ளைக்கு என் முத்தம்.

உன் அண்ணி,
பொற்கொடி


ஓசூர்,
3.9.2006

அன்புள்ள தம்பி முனிராஜுக்கு,

அம்மா நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தார். கெலமங்கலத்தில் சொந்தக்காரர்களை எல்லாம் பார்த்துவிட்டு, மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்தார். அமெரிக்காவில் தெருவில் ஆளே இல்லை, யாரிடம் பேசுவது என்றே தெரியவில்லை என்று அவருக்கு ஒரே குறை. தர்ஷினிக்கு நீ கொடுத்தனுப்பிய கலர் பென்சில்கள் வந்தன. பெட்டிகளும் வந்தன.

உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. அனுப்பாதே என்று நான் எழுதியதை நீ அம்மாவிடம் சொல்ல மறந்திருப்பாய், அல்லது சொல்லியும் அவர் கேட்டிருக்க மாட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். அவர் பாட்டுக்குப் பையைப் பிரித்து, "கருப்பசாமி, இந்தாப்பா உன் பொஸ்தகம். கண்ணாடி போட்டுக் குடுத்துக்கிறான் அமெரிக்காக்காரன்" என்று கட்டிலில் சாய்ந்திருந்த அண்ணன் மடியிலேயே வைத்துவிட்டார். பிறகு தானே ஒன்றை எடுத்துப் பார்த்து, "இத தொறக்கவே முடியாதா? அப்புறம் எப்பிடிப் படிக்கறது?" என்று கேட்டார். 

அண்ணன் குதிரை வீரன் இருந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். தர்ஷினியைக் கூப்பிட்டு, என்ன எழுதியிருக்கிறது, படி என்றார். சீட்டையும், கூட வைத்திருந்த குறைகளின் தாளையும் அவள் எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழில் சொன்னாள். பத்துக்கு மூன்று என்றாள். வரைந்தவர் யாரென்று தெரியாது என்றாள். அட்டையில் பேனாவால் எழுதியிருக்கிறது என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார், சரிதான் என்பதுபோல. நான் அடுப்பை விட்டு வந்து வாசல்படியிலேயே நின்றேன். நான்கு மூலையிலும் மஞ்சள் கறை என்று அவள் சொன்னதும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "என்னத்த, கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சுட்டியா" என்றார். அவர் என்னிடம் தானாக ஒரு வார்த்தை பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது.

தர்ஷினி கடைசி வரியைப் படித்தாள். குதிரையின் முன்னங்காலில் கோடு இரட்டையாக இருக்கிறது, நிறம் கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது என்று போட்டிருந்தது.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "எவன்டா அவன்? அது எம் பெசகில்ல. நான் போட்ட கால் சரியாத்தான் இருந்துச்சு. அச்சுக்காரப் பய செகப்பத் தள்ளி ஏத்திப்புட்டான். அன்னைக்கே சொன்னேன், கேட்டானா அவன்? நான் போட்ட கோடு ஒத்தக் கோடு" என்று கத்தினார். பக்கத்து வீட்டு நஞ்சம்மா வந்து எட்டிப் பார்த்தாள். பிளாஸ்டிக்கின் மேலேயே விரலை வைத்து இங்கே பார், இங்கே பார் என்று தர்ஷினிக்குக் காட்டினார். மேலே தேய்க்கத்தான் முடிந்ததே தவிர, விரல் காலுக்கு எட்டவில்லை. ஒரு பென்சில் குடு என்றார். நீ அனுப்பியதில் கறுப்பை எடுத்து அவள் கொடுத்தாள். உனக்கு எழுத நான் எடுத்து வைத்திருந்த தாள் பக்கத்தில் கிடந்தது. அதன்மேல் இடது கையால் கோடு எங்கே இருந்தது, சிவப்பு எங்கே விழுந்தது என்று போட்டுக் காட்டினார். பென்சில் நழுவிக்கொண்டே இருந்தது. தர்ஷினி எடுத்து எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் பென்சிலை வீசிவிட்டுப் படுத்துவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அடுத்த நாள் வழக்கம்போல் சுவரைப் பார்த்துத்தான் கிடந்தார். அவர் கத்திய அன்று எனக்கும் சந்தோஷம் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை, குழம்பு தீய்ந்த வாசனை வந்தது, ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். ஆனால் நான் போட்ட கோடு என்று சொன்னார் தம்பி. உன் அம்மா கேட்டார், நஞ்சம்மா கேட்டாள், நானும் தர்ஷினியும் கேட்டோம்.

பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். இன்று காலையில் ஒன்று அவர் தலைமாட்டில் இருந்தது. யார் எடுத்து வைத்தது என்று நான் கேட்கவில்லை.

டிரங்குப் பெட்டியில் இன்னும் புத்தகங்கள் இருக்கின்றன. பொங்கலுக்கு வரும்போது நீயே எடுத்துப் போய் அந்தக் கம்பெனிக்கு அனுப்பு. இந்தத் தடவை மஞ்சள் தடவ மாட்டேன். மார்க்கை அவர்கள் இஷ்டத்துக்குக் குறைத்துக்கொள்ளட்டும், பூஜ்யமே போடட்டும். குறைகளை மட்டும் ஒன்று விடாமல் எழுதச் சொல் தம்பி. கால், கை, குதிரை, மரம், எதையும் விட வேண்டாம் என்று கேட்டுக்கொள். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

மாதேஸ்வரி நேரத்துக்குச் சாப்பிடட்டும். அஸ்வின் பத்து விரலும் சுகமாய், நீண்ட ஆயுளோடு வளரட்டும்.

உன் அண்ணி,
பொற்கொடி

பி.கு.: இந்தத் தாளைத் திருப்பிப் பார். பிள்ளை எதுவோ கிறுக்கியது என்று நினைத்து எறிந்துவிடாதே. அது குதிரையின் முன்னங்கால். உன் அண்ணன் வரைந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.