உன் கையில் திணித்த சாவிகள்

அம்மா, இன்று காலை கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் வலிப்பு வந்து விழுந்தாள். சிதம்பரம் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு, "இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க" என்று ஆளாளுக்குச் சாவியை நீட்டியது. ஒருவர் கார் ரிமோட்டையே அவள் விரல்களுக்குள் திணித்தார். பிளாஸ்டிக்கில் எந்த இரும்பைக் கண்டாரோ. எல்லாரையும் விலக்கிவிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தெளிந்ததும் அவள் தேடியது தன் குழந்தையைத்தான். அதை வைத்திருந்த அம்மாள் பின்னால் நகர்ந்து, "அவ கையில குடுக்காதீங்க, அவுங்க வூட்டு ஆளுங்க வரட்டும்" என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம். அவளைச் சுவரோரம் உட்கார வைத்து, குழந்தையை வாங்கி மடியில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

தேவனாம்பட்டினத்தில் என்னைப் பெற்றபோது உனக்கும் இதேதான் நடந்தது. பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் அத்தை என்னைத் தூக்கி வருவாள், கொடுத்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். "வுழுந்தா சாவி குடுக்க ஊரே ஓடியாரும். எழுந்து ஒக்காந்தா புள்ளையக் குடுக்க ஒரு ஆளு கெடையாது" என்று நீ சிரித்துக்கொண்டே சொல்வாய். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. கடைசியில் ஒருநாள் தரையில் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டு, "தரையில ஒக்காந்திருக்கறவ எங்கேர்ந்து வுழுவா? குடு எம்புள்ளைய" என்று கேட்டாயாம். அத்தை என்னைக் கொண்டுவந்து உன் மடியில் விட்டாளாம். அந்தப் பாயில்தான் நான் வளர்ந்தேன்.

உன்னைக் கதைகளில் எழுதியபோது எல்லாரும் மெச்சினார்கள், சொந்தக்காரர்கள் உட்பட. கதையில் வரும் அம்மா வீட்டில் யாரும் பெண் எடுக்கப் போவதில்லையே. இப்போது கதை வேண்டாமென்று, நடந்ததை நடந்தபடி, 'என் அம்மா' என்றே ஒரு புத்தகம் எழுதி முடித்தேன். உடனே உன் தம்பி குறிஞ்சிப்பாடியிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். "கதன்னா பரவால்ல. அக்கான்னு தெரியற மாரி எழுதாத. பொண்ணுக்கு வரன் பாக்குற நேரம்." உன்மேல் உயிரையே வைத்திருந்த தம்பிதான் இப்படிப் பேசுகிறார்.

போன வாரம் சிதம்பரத்திலிருந்து என் மகளை, உன் பேத்தியை, பெண் பார்க்க வந்தார்கள். காப்பி குடித்துக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் கேட்டார்: "உங்க அம்மாவுக்கு ஏதோ ஃபிட்ஸாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, "அதெல்லாம் இல்லீங்க, லோ பீபி. லேசா தலசுத்தல், அவ்ளோதான்" என்றார். பிள்ளைகுட்டி பெற்று, நாலு பேர் பேச்சையும் கேட்டு வாழ்ந்து முடித்தவளை ஒரு தலைசுற்றலாக ஆக்கிவிட்டார்.

உன் பேத்திதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஆயாவுக்கு வலிப்புதாங்க. எங்கம்மாவ வளத்தது அவுங்கதான். புக்கு வருது, படிச்சிப் பாத்துட்டு முடிவு சொல்லுங்க" என்றாள்.

அவர்கள் காப்பியை முடிக்காமலே எழுந்துபோனார்கள். இதுவரை போன் இல்லை. மாமாவும் என்னோடு பேசுவதில்லை. உன் பேத்தி வழக்கம்போல வேலைக்குப் போய் வருகிறாள். புத்தகத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். 'என் அம்மாவுக்கு வலிப்பு இருந்தது' என்றுதான் ஆரம்பிக்கிறது.

ஊரே பயந்ததே அம்மா, உன் வலிப்பு எங்களுக்கும் வந்துவிடும் என்று. அது வரவில்லை. நீ சிரித்துச் சிரித்து அடக்கி வைத்திருந்த கோபம்தான் எனக்கு வந்தது. அது உன் பேத்திக்கும் வந்திருக்கிறது.