ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்

என் செல்லத் தங்கச்சிக்கு,

குழந்தை பிறந்து மூன்று மாதமாகிவிட்டது. "கொஞ்சம் வளரட்டும், அப்புறம் வாங்க" என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். நீ பக்கத்தில்தான் இருந்தாய். உன் இருமல் எனக்குத் தெரியாதா?

போன வாரம் எங்கள் தையல் கூடத்திலும் விஷயம் கசிந்துவிட்டது. பக்கத்து மெஷினில் தைக்கிறவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். நான் தைப்பதை நிறுத்திவிட்டு எழுந்தேன்.

"ஆமா, எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. ஆறு வருஷமா மாத்திரை போடுறேன். பக்கத்துல உக்காந்தா ஒட்டாது. ஏதாவது கேக்கணும்னா என்கிட்டயே கேளுங்க" என்றேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

கட்டிங் மாஸ்டர், "இவங்கள விட்டா காலர் தைக்க ஆள் ஏது? வேலையப் பாருங்கம்மா" என்று கத்தினார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சாயங்காலம் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அக்கா, அந்த மாத்திரை ரொம்பக் கசக்குமா?" என்று கேட்டாள்.

அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். ஞாயிறு காலை வருகிறேன். குழந்தையைத் தூக்குவேன், முத்தமும் கொடுப்பேன். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், நீயும் கேட்டுக்கொள். வேண்டாமென்றால் வாசலுக்கு வந்து நீயே சொல். மாப்பிள்ளையை அனுப்பாதே.

உன் அக்கா