ஒற்றையாள் கூடாரம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் எழுதுவது. நான் நலம். நீயும் உன்னைக் கட்டி மேய்க்கிற என் தங்கச்சியும் நலமா?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் எனக்கு ஒரு துணிமேல் பொறாமை வந்துவிட்டது. போன வாரம் உன் அக்கா வேலைக்குப் போன நேரம் பார்த்து, அவள் தைத்து வைத்திருந்த கூடாரத்தை இரண்டு நாற்காலிக்கு நடுவே கட்டி, உள்ளே படுத்துப் பார்த்தேன். கணுக்காலுக்குக் கீழே மொத்தமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஏணி கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மா காலை மட்டும் பார்த்துவிட்டு, "ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?" என்று அலறிவிட்டாள்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் சொன்ன கையோடு நீ உன் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாய். அதனால்தான் பேனா. எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள். நான் பள்ளிக்கூடத்துக்குள் போனதைவிட அதைத் தாண்டிப் போனதுதான் அதிகம்.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. லாரித் தார்ப்பாய் தைக்கிற புருஷன் வீட்டுக்குள்ளேயே குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். அவனை விட்டுவிட்டு எங்கேயோ இருக்கிற தம்பியிடம் யோசனை கேட்டிருக்கிறாள். நீயும் பெரிய ஆளாட்டம் படம் அனுப்பியிருக்கிறாய். அந்தக் காலத்துக் கூடாரமாம். இரண்டு கம்பு, உச்சியில் ஒரு கயிறு, கெட்டிப் பருத்தித் துணி. ஜிப் கூடாது, நாடாதான் கட்ட வேண்டும். தண்ணீர் இறங்காமல் இருக்கத் தேன்மெழுகை உருக்கித் தேய்க்க வேண்டும். வீடே மெழுகு வாடை. நான் தைத்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு, "நீங்க தைச்சா லாரியைத்தான் மூடலாம்" என்றாள். சிரித்து வைத்தேன். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது.

அளவைப் பார்த்தாயா நீ? அவள் உயரத்துக்கு மேல் ஒரு சாண், அவ்வளவுதான். நான் எங்கே படுப்பது என்று விளையாட்டாகக் கேட்டேன். "வீட்டுல" என்றாள். தைக்கும்போது பாட்டு வேறு. தையல் முடிந்த இடத்தை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்க்கிறாள். கல்யாணமான புதிதில்கூட என் முதுகை அப்படித் தடவியதில்லை.

கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு எதற்குத் தனியாகப் போக வேண்டும் என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல கால் வச்சதுலேருந்து யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. வீட்டுக்கு வந்தா நீங்க. ஒரு ராத்திரியாவது என்னை யாரும் கூப்பிடாத இடத்துல படுக்கணும்" என்றாள். ஏரிக்கரையில் காவலாளோடு முகாம் இடம் இருக்கிறதாம், பயமில்லையாம். நான் அப்படி என்ன கூப்பிடுகிறேன் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் கண்ணாடி எங்கே என்று கேட்டுவிட்டேன்.

இனிதான் விஷயம், மச்சான். உள்ளே படுத்திருந்தபோது கூரைத் தையலைப் பார்த்தேன். மேல்துணி கீழ்த்துணியின் மேல் ஏறி இருக்க வேண்டும், ஓடு அடுக்குகிற மாதிரி. அவள் ஒரு பக்கம் மாற்றி வைத்துத் தைத்துவிட்டாள். மழை பெய்தால் வழிகிற தண்ணீர் அந்த மடிப்பில் தேங்கி, நேரே அவள் தலையில்தான் இறங்கும். என் தொழில் அது, ஒரே பார்வையில் தெரிந்தது. சொல்லவில்லை. நனைந்து திரும்பி வரட்டும், அப்போது தெரியும் இந்தப் புருஷன் அருமை என்று இருந்துவிட்டேன். தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கிளம்புகிற அன்று காலை நான் ஆசைப்பட்ட மாதிரியே மேகம் கட்டியது. மழை வரும்போல இருக்கிறதே, போகத்தான் வேண்டுமா என்று கேட்டேன். "வரட்டுமே. துணிமேல படபடன்னு விழுற சத்தத்தை உள்ளே படுத்துக் கேக்கணும்" என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. நான் தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

அவள் அரைநாள் வேலைக்குப் போனதும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். தையலைப் பிரித்து, துணியை மாற்றி அடுக்கி, பெரிய மெஷினில் இரட்டைத் தையல் போட்டு, மெழுகும் தேய்த்துவிட்டேன். இனி வானமே இடிந்து விழுந்தாலும் ஒரு சொட்டு இறங்காது.

இதோ, போய்விட்டாள். கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியைக் காணோம், குத்துமதிப்பாகத்தான் எழுதுகிறேன். உனக்கு ஒரு வேண்டுகோள். இனிமேல் அவள் இப்படிப் போகும் நாளில் கூடாரம் எப்படி என்று கேட்டு அவளுக்குப் போன் போடாதே. நானும் போடவில்லை. யாரும் கூப்பிட வேண்டாம். அவளாகத் திரும்பி வரட்டும்.

நீங்கள் இருவரும் நனையாமல், நோயில்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரன்

பி.கு.: அவசரத்தில் தைத்ததில் என் நீலச் சட்டையின் நுனியும் கூரையோடு சேர்ந்து தைபட்டுவிட்டது. நான் எழுந்தபோது கூடாரமும் எழுந்தது. அந்த நேரம் பார்த்து, வீட்டில் கூடாரத்தைக் காணாமல் தேடிக்கொண்டு உன் அக்கா கடைக்குள் வந்தாள். தையலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிரிக்க நேரமில்லை, பஸ் வந்துவிடும் என்று சொல்லிக் கத்திரிக்கோலை எடுத்தாள். கூடாரத்தை வெட்டவில்லை, சட்டையை வெட்டினாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலத் துண்டு அவளோடு ஏரிக்கரைக்குப் போயிருக்கிறது. மீதிச் சட்டையை நான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.