ஷைஜு அனுப்பிய அப்பா

பாறசாலை
10.6.2025

அத்தானுக்கு,

‘அன்புள்ள’ என்று வேண்டுமென்றேதான் போடவில்லை. போனை எடுக்காததும் வேண்டுமென்றேதான். நெய்யாற்றின்கரையில் நான் போகும் கர்ப்பிணிகள் வகுப்பில் ரத்னபாய் சிஸ்டர் சொன்னார், ஏழாம் மாதத்துப் பிள்ளைக்கு நாம் சண்டை போடுவது கேட்குமாம். அதனால் கத்த வேண்டியதையெல்லாம் எழுதுகிறேன்.

தினமும் சாயங்காலம் நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பும் குரலை, போனை வயிற்றில் வைத்துப் போட்டுக் காட்டினேன். “மக்கா, அப்பா இப்பந்தான் வேல முடிஞ்சு வாறேன். அம்மைக்க வயித்துக்குள்ள சொகந்தானே?” நானும் பைத்தியம் மாதிரி பிள்ளைக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை ரத்தக்கசிவு கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மத்தியானமே அம்மா உங்களுக்குச் சொல்லியாயிற்று. சாயங்காலம் உங்கள் குரல் வருகிறது: “எலே மக்கா, இன்னைக்கு அம்மை நல்லா சிரிச்சாளா?”

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, உங்கள் அறையில் இருக்கும் ஷைஜுவைக் கூப்பிட்டேன். பாவம், அவனுக்குப் பொய் வராது. “அண்ணன் ஒரு ஞாயிறு இருந்து எல்லாத்தையும் பேசி வச்சதாக்கும் அக்கா. நாளும் ஒண்ணு அனுப்பச் சொல்லி போன என் கையில தந்தது.”

ஒரே நாள் வடித்த சோற்றை மாதம் முழுக்கப் பரிமாறியிருக்கிறீர்கள். அதுவும் என் பிள்ளைக்கு.

தாரா


கொச்சி
14.6.2025

அன்புள்ள தாராவுக்கு,

எனக்கு இப்போது சாயங்கால ஷிப்ட். நீ வருத்தப்படுவாய் என்று சொல்லவில்லை. கப்பல் பட்டறைக்குள் போன் கூடாது, ஷைஜுவிடம் விட்டுப் போவேன். பிள்ளைக்குத் தினமும் ஒரே நேரத்தில் அப்பா குரல் கேட்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்னதாக நீதானே சொன்னாய்? நீ ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று லீவுக்கு ஃபோர்மேன் காலில் விழாத குறை. கிடைக்கவில்லை. அந்தப் பதற்றத்தில் ஷைஜுவை நிறுத்தச் சொல்ல மறந்துபோனேன். எனக்கும் கோபம் உண்டு. என் போனை எடுக்காமல் அவனிடம் விசாரிக்கிறாய்.

உண்மையைச் சொல்கிறேன். நீ கேட்டுக்கொண்டிருக்க, வயிற்றைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தனியாக இருந்தபோது கொஞ்சம் பேச வந்தது.

அரவிந்த்


பாறசாலை
17.6.2025

அத்தானுக்கு,

கூச்சமா? பிள்ளை உண்டாகும்போது அது எங்கே போயிருந்தது?

எல்லாக் குரலையும் அழித்துவிட்டேன். போன வகுப்பில் மற்றவர்கள் பக்கத்தில் புருஷன் இருந்தான், என் பக்கத்தில் சார்ஜர் வயர் இருந்தது. இந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு நீங்கள் வரவில்லையென்றால், பிறந்த பிறகும் வர வேண்டாம்.

தாரா


பாறசாலை
23.6.2025

அத்தானுக்கு,

இன்னும் ‘அன்புள்ள’ போடவில்லை.

வந்தீர்கள், சரி. சிஸ்டர் உங்கள் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தார். மற்ற அப்பாமார் பாட்டும் கதையுமாக இருக்க, நீங்கள் வியர்த்து வழிந்து, “எலே... நான் ஆக்கும்” என்றீர்கள். அவ்வளவுதான். பிள்ளை அசையவில்லை. உங்கள் முகம் வாடியது. நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். தெரியாத ஆள் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

உங்களை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்கிறாள், “மருமொவன் பிள்ளைட்ட என்ன பேசினாரு?” எரிச்சலில் உங்களைப் போலவே நடித்துக் காட்டினேன். “எலே... நான் ஆக்கும்.”

உள்ளே ஓர் உதை. மறுபடி சொன்னேன். மறுபடி உதைத்தது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. இத்தனை நாள் பேசியது நான், சுமப்பது நான், அது உங்களுடைய அந்த ஒரு வரிக்குத்தான் துள்ளுகிறது. அழுகையும் வந்தது. எப்படி உதைத்தது என்று போனில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை வாருங்கள். ஷைஜுவை அனுப்பிவிடாதீர்கள்.

தாரா