ஒரு சாண் இடைவெளி

3.9.1986, புதன்

மரவள்ளிக் கிழங்கு வரும் பருவம் நெருங்குகிறது. காலையில் கொழுந்தனார் சூசைமாணிக்கம் வந்தார். ஜவ்வரிசி செய்யும் எங்கள் சேகோ மில்லைத் தனக்குக் குத்தகைக்கு விடச் சொல்கிறார். "பால் தொட்டி பக்கத்துல உட்கார அண்ணன் இல்லைங்களே, அண்ணி."

உண்மைதான். தொட்டியில் விழும் சத்தத்தைக் கேட்டே நிறைந்துவிட்டதென்று அறிந்து, இருமிக்கொண்டே எழுந்து போய் வால்வை அடைப்பார் என் கணவர். அவருக்குப் பின் இரண்டு பருவமும் கிழங்குப் பால் வழிந்து ஓடையில்தான் போயிற்று.

வால்வைத் தானாக மூட என் மகள் கண்ணி செய்யும் கருவி சரியாக ஓடினால் மில் எங்களுக்கு, இல்லையென்றால் கொழுந்தனாருக்கு என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மகளுக்காக அவசரப்பட்டேனோ?

5.9.86

கண்ணி விளக்கினாள். தொட்டி நிறைந்ததை சென்சார் சொல்லும். மைக்ரோகண்ட்ரோலர் என்ற சில்லு வால்வை மூடும். மூடும்போது வால்வின் சுருள் மின்சாரத்தைத் திருப்பி உதைக்குமாம். அதைத் தாங்க ஒரு டயோடு. சென்சாரின் இருபத்துநாலு வோல்ட் சில்லைத் தொட்டால் சில்லு செத்துவிடும். அதனால் நடுவில் ஒரு தடுப்பு, மின்சாரம் தாண்டாது, சேதி வெளிச்சமாக மட்டும் தாண்டும்.

அடைபட்ட கன்னியர் மடத்தில் இருந்த என் அத்தையின் நினைவு வந்தது. கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்று பேசுவோம். குரல் போகும், கை போகாது.

8.9.86, மாதா பிறந்தநாள்

திருப்பலி முடிந்து கண்ணி சாமான் வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனாள். நான் மில்லுக்கு. சுவரில் கண்ணி இழுத்த ஒயர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக! மோட்டார் ஒயர், வால்வு ஒயர், சென்சார் ஒயர் எல்லாவற்றையும் ஒரே கற்றையாக்கி, மெழுகு நூலால் சீராக முடிச்சிட்டேன். பள்ளியில் சிஸ்டர் பூத்தையலைத் திருப்பிப் பின்பக்கத்து முடிச்சுகளைத்தான் பார்ப்பார். என் கணவர் இருந்திருந்தால் ஜெபமாலை மாதிரி இருக்கிறதென்று கேலி செய்திருப்பார்.

12.9.86

தண்ணீர் விட்டுச் சோதனை. மோட்டார் போட்டதுமே, தொட்டி பாதிகூட நிறையாமல் வால்வு மூடிக்கொண்டது. திறந்தது. மறுபடி மூடியது. கொழுந்தனார் சிரித்தார். "அரை வயித்துக்கே ஏப்பம் விடுதுங்க அண்ணி."

ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம், குத்தகை பேச. கண்ணி சாப்பிடவில்லை.

13.9.86

மோட்டார் நின்றால் கருவி சரி. ஓடினால் பிசகு. காலை முழுவதும் இதுவே. பிறகு கண்ணி சுவரைப் பார்த்தாள்.

"இதை யாரும்மா கட்டினது?"

"நான்தான்."

மோட்டார், வால்வு ஒயர்களின் மின் அதிர்வு பக்கத்திலிருக்கும் மெல்லிய சென்சார் ஒயரில் ஏறிவிடுமாம். தொட்டி நிறைந்ததாகச் சில்லு ஏமாந்துவிடும். அவள் வேண்டுமென்றேதான் தள்ளித் தள்ளி இழுத்திருக்கிறாள். என்னைத் திட்டியாவது இருக்கலாம்.

முடிச்சுகளை நானே பிரித்தேன். எவ்வளவு கெட்டியாகப் போட்டிருக்கிறேன்! சென்சார் ஒயர் மேலே, மற்றவை ஒரு சாண் கீழே.

14.9.86, ஞாயிறு

கொழுந்தனார் தொட்டியருகிலேயே நின்றார். மோட்டார் ஓடியது. தண்ணீர் தொட்டியின் நிறைவுக் கோட்டைத் தொட்டது. டக். அவ்வளவுதான். அதற்கு முன் ஓர் இருமல் கேட்குமென்று காத்திருந்தேன் போலிருக்கிறது.

குத்தகைப் பேச்சை அவர் எடுக்கவில்லை. காப்பி குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். "இதையெல்லாம் ஒண்ணாச் சேர்த்துக் கட்டினா லட்சணமா இருக்குமே, அண்ணி."

"தொடாதீங்க தம்பி," என்றேன். கண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.