நாயிடம் கற்றேன் என்று சொன்னாயே

தியாகதுருகம்
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் செவ்வந்திக்கு அப்பா கண்ணாயிரம் எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அகமதாபாத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நம் ஊர் அம்மன் செங்காட்டாளை வேண்டிக்கொள்கிறேன். நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், உன் நாய் சுருட்டையும் நன்றாக இருக்கிறது. போனை எடுத்தவுடனே அதைத்தானே கேட்கிறாய். சுருட்டை சாப்பிட்டதா, சுருட்டைக்குக் காதில் உண்ணி போய்விட்டதா, போனைச் சுருட்டை பக்கம் காட்டுப்பா. காட்டுகிறேன். அது இந்தப் பக்கம் வாலை ஆட்டுகிறது, நீ அந்தப் பக்கம் கொஞ்சுகிறாய், நான் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்பா சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் உனக்கு ஒத்திகைக்கு நேரமாகிவிடுகிறது. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். இதைச் சுருட்டையால் படிக்க முடியாது, உன் அம்மாவாலும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்க முடியாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை சுற்றி வளைத்துக்கொண்டே இருப்பேன். சித்திரைத் திருவிழாக் கூத்தில் இந்த வருஷம் செங்காட்டாள் வேஷத்தை நீ வந்து கட்ட வேண்டும் என்று ஊரில் கேட்கிறார்கள். கோயில் தர்மகர்த்தா அரங்கநாதன் நம் வாசலுக்கே வந்து, பெண்ணுக்கு எழுது என்று சொல்லிவிட்டுப் போனார். அது என் வேஷம். எனக்கு மீசை அரும்பிய நாளிலிருந்து அந்த மீசையை வழித்துவிட்டு நான் கட்டிக்கொண்டு வருகிற வேஷம். அவர் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா, “இன்னாய்யா இது, பெத்த பொண்ணு மேலயே பொறாமப்பட்டுக்கினு ஒக்காந்திருக்க” என்று கேட்டாள். ஆமாம், பொறாமைதான். வேறு யாரிடமும் சொல்ல முடியாது, உன்னிடமே சொல்கிறேன்.

எல்லாம் நீ அனுப்பிய வீடியோவால் வந்த வினை. நம் ஊர் அம்மன் கதையை இங்கே இந்தியில் நாடகமாகப் போடுகிறோம், நான்தான் செங்காட்டாள், என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். அந்த ஊர்க்காரர்களுக்கு நம் அம்மனைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். கீழ வீட்டில் காலேஜ் படிக்கிற கண்ணகி இருக்கிறாளே, அவள் போனில்தான் எல்லாரும் பார்த்தோம். மந்திரி வேஷம் கட்டுகிற நம் சின்னதுரையும் இருந்தான், தெருவில் பாதிப் பேர் இருந்தார்கள். கதையில் மந்திரி செங்காட்டாள் மேல் வீண்பழி போட்டு, தலைமுடியைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வருகிறான், அவள் எழுந்து நின்று ஒரு பார்வை பார்க்கிறாள், அத்தோடு சபையே வாயடைத்துப் போகிறது. நம் கூத்துக்கு உயிரே அந்தப் பார்வைதான், அந்த இடத்தில் ஊரே எழுந்து நின்று கற்பூரம் காட்டும். நீ அந்தப் பார்வையைப் பார்த்தாய். உன் அம்மா உள்ளே ஓடித் தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்து, கண்ணகியின் போனுக்கு நேரே காட்ட ஆரம்பித்துவிட்டாள். போன் வெந்துவிடும் என்று அந்தப் பெண் பிடுங்கிக்கொண்டு ஓட, உன் அம்மா தட்டோடு அவள் பின்னாலேயே போனாள். தெருவே சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நிஜமாக முன்னால் வந்து நிற்கும்போது இவள் ஒரு நாளும் தட்டைத் தொட்டதில்லை, ஊரார் காட்டும்போது சும்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஏன் என்று கேட்டால், “ஒனக்குச் சேல கட்டி ஊக்கு குத்தி அனுப்புறதே நானு, ஒன்ன எப்படி அம்மன்னு நெனைக்கிறது” என்கிறாள். அந்தச் சேலையும் அவளுடைய பழைய கல்யாணச் சேலை, ஊக்குக் குத்திக் குத்தி ஓட்டையாகிவிட்டது. நீ கட்டியிருந்ததோ நீயே சாயம் தோய்த்ததாம், அதற்குக் காலேஜில் மார்க் வேறு போட்டார்களாம்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நாடகம் முடிந்ததும் ஒருவர் மைக்கை நீட்டிக் கேட்கிறார், நீ இங்கிலீஷில் பதில் சொல்கிறாய், கண்ணகி எங்களுக்குத் தமிழில் சொன்னாள். காலையில் எழுந்ததும் வாசலில் நிற்கிற மூன்று கால் நாய்க்குச் சோறு வைப்பாயாம், பிறகு டிசைன் காலேஜ், அங்கே நாள் முழுக்கச் சாயமும் துணியும் அச்சுக்கட்டையும், சாயங்காலம் ஒத்திகை, ரூமுக்குத் திரும்பினால் உன் பூனைகள் பஞ்சும் பொத்தானும் மடியில் ஏறிக்கொள்ளுமாம், அவை தூங்கிய பிறகுதான் காலேஜுக்கு வரைய வேண்டியதை வரைவாயாம். இத்தனையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அவர் வாயைப் பிளந்தார், எல்லாரும் கைதட்டினார்கள். இங்கே நான் காலையில் கரும்பு வெட்டப் போகிறேன், வந்து உன் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறேன், நீ விட்டுப்போன நொண்டிக் கோழியைத் தேடிப் பிடித்துக் கூடையில் கவிழ்க்கிறேன், பிறகு அரிதாரம் பூசிக்கொண்டு விடிய விடிய ஆடுகிறேன், விடிந்தால் திரும்பவும் கரும்பு. எப்படிச் சமாளிக்கிறாய் என்று என்னை ஒரு ஆள் கேட்டதில்லை. மேஸ்திரி ஒரு தடவை, “இன்னா கண்ணாயிரம், கண்ணுல மையி இன்னும் போவலியா” என்று கேட்டார், அவ்வளவுதான்.

கடைசியில் அந்த மைக் நீட்டியவர், அந்தப் பார்வையை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டார். தெருவில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீ என்ன சொன்னாய்? ஊரில் இருக்கும் என் நாயிடம் கற்றேன் என்று சொன்னாய். கண்ணகிகூடக் கொஞ்சம் தயங்கித்தான் தமிழில் சொன்னாள். சின்னதுரை சிரித்த சிரிப்பில் அவன் வெற்றிலை எச்சில் என் வேட்டியில் தெறித்தது. அன்றிலிருந்து என்னைக் கடைத்தெருவில் பார்த்தால், “வாத்தியாரு சுருட்ட நல்லாக்கீறாரா” என்றுதான் விசாரிக்கிறான். இந்த நாய்க்காவது நன்றி இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. வேஷத்தோடு நான் வீட்டுக்கு வந்தால் யாரோ என்று குரைக்கிறது. போனில் நீ முகமெல்லாம் சிவப்புப் பூசிக்கொண்டு நின்றபோது மட்டும் உன்னைக் கண்டுகொண்டு குழைந்தது.

அப்படி என்னதான் இருக்கிறது இதனிடம் என்று நான் அதன் பின்னாலேயே சுற்றினேன். வேலைக்குப் போகாமல் சுற்றினேன் என்று உன் அம்மா சொன்னால் நம்பாதே. ஒரு நாள் சந்தை மேட்டில் தெரு நாய்கள் கூட்டமாக அதை வளைத்துக்கொண்டன. சுருட்டை குரைக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. கழுத்தை மட்டும் மெதுவாகத் திருப்பி, கடிக்க வந்த நாயை விட்டுவிட்டு, வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற மற்ற நாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. அவை ஒவ்வொன்றாக நகர்ந்து போய்விட்டன. எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை காலமாக நான், என்னை இழுத்து வந்த மந்திரியைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சபையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உனக்குத் தோன்றியிருக்கிறது, அதுவும் ஒரு நாயைப் பார்த்து.

போன மாதம் கரியாலூரில் நமக்குக் கூத்து. மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு சின்னதுரை பஸ் ஜன்னலை விட்டு நகரவில்லை, வாந்தி. மேலே போனால் அந்தக் குளிரிலும் நல்ல கூட்டம். நான் அந்தப் பார்வையைப் போட்டுப் பார்த்தேன். உன்னிடமிருந்து எடுத்தேன் என்று நினைக்காதே, நாயிடமிருந்து நேராக எடுத்தேன். சின்னதுரையை விட்டுவிட்டு, எதிரே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை முகம் முகமாகப் பார்த்தேன். ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு அம்மா அழுதுகொண்டே எழுந்து, “எங்கள ஏம்மா பாக்குற, நாங்க இன்னாம்மா செய்வோம்” என்று கேட்டுவிட்டாள். எனக்கு அடுத்த அடி பாட்டு மறந்துவிட்டது. சந்தோஷம் வராமல் இல்லை, வந்தது. கூடவே, இது என் சொத்து இல்லையே என்ற எரிச்சலும் வந்தது. மலையிலிருந்து இறங்கியதும் சின்னதுரை தர்மகர்த்தாவிடம் போய், கண்ணாயிரமே தன் பெண்ணைப் பார்த்துத்தான் இப்போது ஆடுகிறான் என்று ஊதிவிட்டான். அதற்குப் பிறகுதான் அவர் நம் வாசலுக்கு வந்தார். “ஒம் பொண்ணே வந்து கட்டட்டுமே கண்ணாயிரம், கூட்டம் ஜாஸ்தி வரும், ஊருக்கும் பேரு, நீ ஓரமா ஒக்காந்து தாளம் போடு” என்றார். பெண்கள் கட்டுகிற வழக்கமில்லையே என்று சொல்லிப் பார்த்தேன். காலம் மாறிவிட்டது என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து காலம் மாறிவிட்டது என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

முந்தாநாள் ராத்திரி ஆத்திரத்தில்தான் இந்தக் கடிதத்துக்கு முதலில் உட்கார்ந்தேன். பெற்ற அப்பன் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருக்க, நாயிடம் போயா கற்றாய் என்று ஒரு பிடி பிடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுதப்போவதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன் போலிருக்கிறது. அடுப்பண்டையிலிருந்து உன் அம்மா கேட்டாள், “அவ எங்கய்யா நீ பாக்குறதப் பாத்தா?” என்று. பேனாவை அன்றைக்கு மூடி வைத்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் முதல்முதலாக உன்னைத் திருவிழாக் கூத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். இழுக்கப்போகிறவன் முதலில் அம்மன் வேஷத்தின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் முடியில் கை வைக்க வேண்டும், சின்னதுரையும் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் பிடித்தான். நீ அதைப் பார்க்கவில்லை, அவன் இழுத்ததைத்தான் பார்த்தாய். “எங்கப்பன வுடுறா” என்று கத்திக்கொண்டு ஓடி வந்து, யாரோ வைத்திருந்த கற்பூரத் தட்டைப் பிடுங்கி அவன் நெற்றியில் ஓங்கிப் போட்டாய். ரத்தம் வந்துவிட்டது, நான் பார்க்க வேண்டிய பார்வையைப் பார்ப்பதற்குள் கூத்து நின்றுபோனது. பாதியில் நின்றால் ஊருக்கு ஆகாது என்று பெரியவர்கள் கோபப்பட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து அந்த இரவில் உன்னைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்துவிட்டு வருவோம், துணைக்கு நாய் இருக்கும், முதலில் அந்தக் கறுப்பு நாய், பிறகு சுருட்டை. நீ பெரியவளானதும் கள்ளக்குறிச்சி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய், திருவிழா வரும்போதெல்லாம் உனக்குப் பரீட்சை. வேறு வேஷங்களில் என்னைப் பார்த்திருக்கிறாய், என்னைப் போல நடந்துகாட்டிச் சிரித்திருக்கிறாய். செங்காட்டாளாக நின்று நான் பார்ப்பதை மட்டும் நீ பார்த்ததே இல்லை. சுற்றுவட்டாரமெல்லாம் பார்த்திருக்கிறது, மலையில் இருப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள், என் பெண் பார்க்கவில்லை. நீ வேறு யாரிடம்தான் கற்றிருப்பாய்? உன் பக்கத்தில் படுத்திருந்தது நாய்தானே.

அதனால் நேற்றுக் காலையில் தர்மகர்த்தாவிடம் போய், முடியாது, இந்த வருஷம் வேஷம் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு நீயும் கோபித்துக்கொள்வாய், கோபித்துக்கொள். அடுத்த வருஷம் நீ கட்டு, நான் ஓரமாக உட்கார்ந்து தாளம் போடுகிறேன், வயிறு எரிந்துகொண்டே போடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் நீ ஒரு தடவை வந்து என்னைப் பார்த்துவிட வேண்டும். இதைப் போனில் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

காப்புக் கட்டுகிற நாள் தெரிந்ததும் கண்ணகியிடம் சொல்லி மெசேஜ் போடச் சொல்கிறேன். இப்போதே காலேஜிலும் நாடகக்காரர்களிடமும் சொல்லி வை. பஞ்சையும் பொத்தானையும் உன்னோடு ரூமில் இருக்கிற பெண்ணிடம் ஒப்படைத்துவிடு, அந்த மூன்று கால் நாய்க்கும் யாரையாவது சோறு வைக்கச் சொல். சென்னையிலிருந்து வரும்போது உளுந்தூர்பேட்டையில் இறங்கி மாறிக்கொள், அங்கே கண்ட இடத்தில் சாப்பிடாதே. சாயத்தில் விட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்காதே, வீடியோவில் உன் நகமெல்லாம் நீலமாக இருந்ததை உன் அம்மா பார்த்துவிட்டாள், அன்றிலிருந்து புலம்புகிறாள். கண் முழித்து வரைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. படிப்பும் ஆட்டமும் உனக்குக் குறைவில்லாமல் அமையட்டும், செங்காட்டாள் உன்னையும் உன் வாயில்லா ஜீவன்களையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உனக்கு முன்வரிசையில் பாய் போட்டு இடம் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஊரை முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் உன்னைப் பார்ப்பேன், அப்போது நீ அங்கே இருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. அழுதால் அழு, ஆனால் எழுந்து மட்டும் வந்துவிடாதே, சின்னதுரைக்கு இப்போது வயதாகிவிட்டது.

இப்படிக்கு,
உன் அப்பா
கண்ணாயிரம்