செங்கல் வைத்து அடைத்த வாசல்

1987 மார்ச் 9, திங்கள்
படிப்பறைச் சுவரில் மறுபடி ஈரம். போன வாரம் சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது, இப்போது மேசை அளவு. கொத்தனார் ரெஜ் காலோவுக்கு போன் செய்தேன். மதியம் நேற்றைய ஆட்டுக்கறியை வைத்தே ஓட்டினேன்.

மார்ச் 12
ரெஜ் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!
"பாதிரியார் வாசல் இருந்த இடந்தானே இது? யாரு அடைச்சது?"
"நான்தான். அக்டோபர்ல."
"சிமெண்ட் வச்சா? சுத்தி இருக்கறது பூரா சுண்ணாம்புச் சுவர் மேடம். வாங்குற ஈரத்தை அதுவே வெளிய விட்டுடும். நடுவுல இதைக் கொண்டு அடைச்சா ஈரம் எங்க போகும்? முப்பது வருஷம் கட்டடம் வரைஞ்ச நீங்களே இப்படிப் பண்ணலாமா?"


மார்ச் 13
இந்த வீட்டில் பாதிரியார்கள் இருந்த காலத்தில் ஊர்க்காரர்கள் குடும்பத்தைத் தொந்தரவு செய்யாமல் நேராகப் படிப்பறைக்குள் வருவதற்கென்று வைத்த வாசல் அது. மேற்குச் சுவரில், குனிந்து நுழைகிற கதவு. திருச்சபை வீட்டை எங்களுக்கு விற்ற பிறகும் ஊர் அதை விடவில்லை. இரண்டு தட்டு, உடனே உள்ளே. என் கணவர் லயனல் அவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார், அழுதால் கேட்டுக்கொண்டிருப்பார்.
கிழக்குச் சுவரில் கதவில்லை, மேற்கில் இருப்பது கண்ணை உறுத்துகிறது, அதனால் அடைத்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். பொய். லயனல் இறந்த பிறகும் அந்த இரண்டு தட்டு கேட்டது. தாங்கவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 15, ஞாயிறு
கோயிலில் டல்சி த்ரப். "காலை வணக்கம், மிஸஸ் பார்ஜிட்டர்." இருபது வருஷமாக என்னை ஹெஸ்டர் என்று கூப்பிட்டவள்.

மார்ச் 20
எழுதிவிடுகிறேன். ஜனவரி 14, பனி. டல்சியின் கணவர் பெர்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவள் வீட்டில் போன் கிடையாது. பதறினவள் பழக்கத்தில் மேற்கு வாசலுக்குத்தான் ஓடி வந்திருக்கிறாள். செங்கல்லைத் தட்டியிருக்கிறாள். பிறகு சுற்றி வந்து முன்வாசல் மணியை அடித்தாள்.
மணி கேட்டது எனக்கு. இந்த ஊரில் தெரிந்தவர் யாரும் முன்வாசல் மணி அடிக்க மாட்டார்கள்; விற்க வருகிறவன், நன்கொடை கேட்கிறவன், அவ்வளவுதான். மாடியில் திரையை விலக்கினேன், பனியில் ஒரு தொப்பி தெரிந்தது, திரையை விட்டுவிட்டேன். எழுந்து போயிருக்கக் கூடாதா? படி இறங்க என்ன கேடு எனக்கு?
கடை வரை ஓடி, அங்கிருந்து போன் செய்துதான் டாக்டரைக் கூப்பிட்டாளாம். அரை மணி முந்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்றாராம் டாக்டர். மணி கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை நான்.

ஏப்ரல் 2
ரெஜ் செங்கல்லை எடுத்தார். பழைய கதவு கொட்டகையில் அப்படியே இருந்தது. மாட்டியாயிற்று.

ஏப்ரல் 19, ஈஸ்டர்
பதினேழு நாள். ஒருவர்கூடத் தட்டவில்லை.

ஏப்ரல் 26
டல்சி வீட்டுக்குப் போனேன். எப்போதும்போல் பின்கதவு. இரண்டு தட்டு.
"யாரு?"
"நான்தான், ஹெஸ்டர்."
கெட்டில் கொதிக்கிற சத்தம் மட்டும்.
"முன்வாசலுக்கு வாங்க மேடம்."
சுற்றிப் போனேன். இங்கே குடிசை வீடுகளில் முன்கதவு கல்யாணத்துக்கும் சவத்துக்கும்தான். பெர்ட்டின் சவப்பெட்டி போன பிறகு இது திறந்திருக்காது. மரம் உப்பிப்போய், அவள் உள்ளேயிருந்து இழுக்க இழுக்க வரவில்லை.
"டல்சி, அன்னைக்கு மணி கேட்டுச்சு எனக்கு. கேட்டும் வரல."
இழுப்பது நின்றது.
"தெரியும். திரை விலகுனதப் பார்த்தேன்."
மறுபடி இழுக்கிற சத்தம். 
"சும்மா நிக்காதீங்க. அந்தப் பக்கத்துலேர்ந்து தள்ளுங்க."
தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.